எண்ணெய் வாங்கிய வரிசை

கரங்கான்,
திங்கட்கிழமை

என் அன்பு மகள் செலஸ்டினுக்கு உன் அப்பா சொல்லி எழுதும் கடிதம். சேசுவுக்குத் தோத்திரம். நியூசிலாந்துக் குளிரில் நீயும் மருமகன் ரோனால்டும் நோய்நொடி இல்லாமல் இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். இங்கே நாங்களும் சுகம் என்று அடுத்த வரியில் எழுதுவதுதான் வழக்கம். எனக்காக எழுதிக்கொண்டிருக்கும் பக்கத்து வீட்டு உமாராணி டீச்சர் நான் சொல்லுமுன்னே அதை எழுதப் போனார், நான்தான் அது வேண்டாம் டீச்சர் என்று நிறுத்தினேன். போனில் பேசாமல் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். இந்தத் தாமான் குடியிருப்பில் நம் சின்ன வீட்டின் அளவு உனக்குத் தெரியும், உன் தம்பி ஜெரார்டை முன்ஹாலில்தான் படுக்க வைத்திருக்கிறோம், எந்த மூலையில் நின்று பேசினாலும் அவன் காதில் விழும், அவனுக்கு விழாததெல்லாம் உன் அம்மாவுக்கு விழும். அதனால் கை கால் வலிக்குத் தைலம் வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டு டீச்சர் வீட்டில் வந்து உட்கார்ந்திருக்கிறேன். இதைப் படம் பிடித்து உன் போனுக்கு அனுப்புவதாக டீச்சர் சொல்கிறார். நீ நின்றுகொண்டு படிக்காதே, உட்கார்ந்து படி.

முதலில் உன் கோபத்துக்குப் பதில் சொல்கிறேன். தம்பியை ஏன் ஆஸ்பத்திரியிலிருந்து எடுத்து வந்தீர்கள், வேறு பெரிய இடத்தில் சேர்த்திருக்கலாமே என்று போனில் சத்தம் போட்டாய். நாங்களாக எடுத்து வரவில்லை அம்மா. ஈரலில் இருந்த கட்டி வயிறு முழுக்கப் பரவிவிட்டது, இனி மருந்து ஏற்றினால் அந்த மருந்தே அவனை வதைக்கும் என்று மலாய்க்கார டாக்டரம்மா என்னைத் தனியாக உட்கார வைத்துச் சொன்னார். நல்ல பெண். பாக்சிக், பெரியவரே, வீட்டுக்குக் கொண்டு போங்கள், அவர் ஆசைப்பட்டது எதுவோ அதைச் சாப்பிடக் கொடுங்கள் என்றார். எனக்கு விளங்கிவிட்டது. அதே வார்த்தையை அவர் வார்டுக்கு வந்து உன் அம்மாவிடமும் சொன்னார், அவளுக்கு அது வேறு மாதிரி விளங்கியது. பத்தியம் இல்லை, எல்லாம் சாப்பிடலாம் என்றால் குணமாகிவிட்டது என்றுதானே அர்த்தம் என்று வார்டில் இருந்தவர்களிடமெல்லாம் சொன்னாள், மீதியிருந்த ஆரஞ்சுப் பழங்களைப் பக்கத்துப் படுக்கைச் சீனக் கிழவருக்குக் கொடுத்துச் சீக்கிரம் நீங்களும் வீட்டுக்குப் போவீர்கள் என்று தைரியம் சொன்னாள். ஜெரார்ட் என்னைப் பார்த்தான், நான் ஜன்னலைப் பார்த்தேன்.

கூலிம் தொழிற்பேட்டைக்கு ஆள் ஏற்றும் நம் காளிதாசன் தன் வேனில் பின் சீட்டையெல்லாம் கழற்றிவிட்டு மெத்தை போட்டு எடுத்து வந்தான். ஆஸ்பத்திரியிலிருந்து வரும் கடல் பாலத்தைத் தாண்டும் வரை ஜெரார்ட் கண்ணைத் திறக்கவில்லை. கூலிம் கிட்டே வந்ததும், "காளி அண்ணே, ஃபேக்டரி ரோட்டுலயே போங்க" என்றான். அது ஷிஃப்ட் விடும் நேரம். மோட்டார் சைக்கிள்கள் எறும்பு மாதிரி வந்துகொண்டிருந்தன, கம்பெனி பஸ்கள் வரிசையாக நின்றன, அங்கே வேலை செய்தபோது அவன் போட்டிருந்த அதே நீலச் சட்டையில் பிள்ளைகள் சிரித்துப் பேசிக்கொண்டு போனார்கள். நான் அவன் முதுகுக்குக் கை கொடுத்துத் தூக்கிப் பிடித்தேன், எலும்புதான் கையில் தட்டியது, பார்த்துக்கொண்டே இருந்தான். காளிதாசன் சும்மா இருக்க மாட்டாமல், "என்னா தம்பி, ஓவர்டைம் அடிக்க இறங்கிப் போறியா" என்று கேட்டான். அவனும் சிரித்துவிட்டு, "இல்ல அண்ணே, எனக்கு லாங் லீவு லா" என்றான். அதற்குப் பிறகு வீடு வரும் வரை காளிதாசன் மேடு பள்ளம் பார்த்து மெதுவாக ஓட்டினான்.

வந்ததிலிருந்து உன் அம்மா அடுப்படியை விட்டு நகரவில்லை. நண்டு, ஆட்டுக்கால், அவனுக்குச் சின்னதிலிருந்து பிடித்த நெத்திலிச் சம்பல் எல்லாம் செய்கிறாள். அவன் இரண்டு வாய் வாங்கிக்கொண்டு போதும்மா, ராத்திரிக்கு வைங்க என்கிறான், ராத்திரி அதையே நாங்கள் சாப்பிடுகிறோம். கண்ணும் நகமும் மஞ்சளாகிவிட்டது. கிளினிக் நர்ஸ் வந்து வலிக்குக் குடிக்கும் மருந்து கொடுத்துவிட்டுப் போகிறது. நீ வேலை செய்கிற வயதானவர்கள் விடுதியில் எத்தனையோ பேரைப் பார்த்திருப்பாய், அதனால் உனக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

ஒரு மத்தியானம் உன் அம்மா பின்பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது அவன் என்னைக் கிட்டக் கூப்பிட்டான். "ப்பா, சாமியார வரச் சொல்லுங்க. எம் பாவத்தச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யணும், எண்ணெயும் பூசிக்கணும். எனக்குப் பயமா இருக்குப்பா" என்றான். பிறந்ததிலிருந்து அவன் வாயில் பயம் என்ற வார்த்தையை நான் கேட்டதில்லை. கூலிம் கோயிலில் போய்ச் சாமியாரிடம் சொன்னேன். அவரும் உடனே காரை எடுத்துக்கொண்டு வந்தார். உன் அம்மா கேட்டிலேயே மறித்துக்கொண்டு, இப்போதுதான் சாமி பிள்ளை கண்ணை மூடினான், எழுப்பக் கூடாது என்று சொல்லி, வெளியே நாற்காலி போட்டுக் காப்பி கொடுத்து அனுப்பிவிட்டாள். மறுபடி வந்தார், குளித்துக்கொண்டிருக்கிறான் என்றாள். எழுந்து உட்கார முடியாதவன் எங்கே குளிப்பான், சாமியாரும் இளம் வயது, மறுத்துப் பேசக் கூச்சப்பட்டுப் போய்விட்டார். அத்தனையும் ஜெரார்ட் உள்ளே படுத்துக் கேட்டுக்கொண்டுதான் இருந்தான். காடி போன சத்தம் கேட்டதும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். அது கிடைக்காமலே பிள்ளை போய்விடுவானோ என்று எனக்கு அன்றிலிருந்து தூக்கம் இல்லை.

உன் அம்மாவை நீ தப்பாக நினைக்காதே. அவளுக்கு அந்த எண்ணெய் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும், நானும் அவளும் ஒரே ரப்பர் தோட்டத்து லயத்தில் வளர்ந்தவர்கள். அந்தக் காலத்தில் தோட்டத்துக்குச் சாமியார் சும்மா வரமாட்டார். யாராவது இழுத்துக்கொண்டு கிடந்தால்தான் கணக்கெழுதும் கிராணி ஆள் அனுப்புவார், வெள்ளைக்காரச் சாமியார் மோட்டார் சைக்கிளில் அங்கியை முழங்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டு, கழுத்தில் எண்ணெய்ச் செப்பைத் தொங்கவிட்டுக்கொண்டு வருவார். பால் கொட்டகை வளைவில் அந்த வண்டிச் சத்தம் கேட்டாலே லயத்துப் பெண்கள் அழ ஆரம்பித்துவிடுவார்கள், எந்த வீடு என்றுகூடக் கேட்பதில்லை. உன் அம்மாவின் அப்பாவுக்கு வந்த அன்று மழை பெய்து விட்டிருந்தது, தவக்காலத்து வெள்ளிக்கிழமை, எங்கள் வீட்டில் கருவாட்டுக் குழம்பு. மண் ரோட்டில் வண்டி சிக்கி நானும் இன்னும் சில பையன்களும் தள்ளிவிட்டோம். அவர் உள்ளே போய் நெற்றியில் பூசினார், வெளியே வந்தார், வண்டி ஸ்டோரைத் தாண்டவில்லை, உள்ளே அலறல் கேட்டது. உன் அம்மா பிச்சையம்மாளுக்கு அப்போது பல் விழுகிற வயசு. விளக்கைப் பிடித்துக்கொண்டு தலைமாட்டில் நின்றவள் அவள்தான். சாமியார் வந்து எண்ணெய் வைத்தார், அப்பா போய்விட்டார், அவள் மனசில் விழுந்தது அவ்வளவுதான். இதற்கு இன்றைக்கு அவளை எந்த ஞானோபதேசம் சொல்லி மாற்ற முடியும்.

ஆனாலும் சொல்லிப் பார்த்தேன். இப்போது அதைச் சாகிற நேரத்து அவஸ்தைப்பூசுதல் என்று சொல்வதில்லை, நோயாளிக்குத் தெம்பு கொடுக்கும் தேவதிரவிய அனுமானம் என்றுதான் கோயிலில் சொல்கிறார்கள் என்றேன். நம் தோட்டத்துக் கட்டைச் செசிலி மூன்று சாமியாரிடம் எண்ணெய் வாங்கிவிட்டு அந்த மூன்று சாமியாரும் ஊர் மாறிப் போன பிறகும் குழாயடியில் சண்டை போட்டுக்கொண்டிருந்தாளே, மறந்துவிட்டாயா என்று கேட்டேன். "அவ கதைய விடுங்க, அவ சாவையே வாயால வெரட்டுனவ. எம் புள்ளைக்கு அந்த வாய் இருக்கா" என்று கேட்டாள். பிறகு அடுப்பைத் தணித்துவிட்டு, "உடம்பு தேறிக்கிட்டு வர்றவனுக்கு எதுக்குங்க எண்ணெய்" என்றாள்.

அப்புறம்தான் எனக்கு ஒரு யோசனை வந்தது. வயதாகிப் பலம் குறைந்தவர்களுக்கும், பெரிய வியாதி உள்ளவர்களுக்கும் அதைப் பூசலாம் என்று சாமியார் ஒருமுறை பிரசங்கத்தில் சொன்னது ஞாபகம் இருந்தது. கோயிலுக்குப் போய், சாமி, எனக்கும் நெஞ்சுக்கு மருந்து ஓடுகிறது, எனக்குப் பூசுவீர்களா என்று கேட்டேன். கட்டாயம் பூசலாம் பெரியவரே என்றார். அப்படியென்றால் என் வீட்டுக்கு வந்து எனக்குப் பூசுங்கள், ஜெரார்டுக்கு என்று சொல்லாதீர்கள், மற்றது அங்கே பார்த்துக்கொள்ளலாம் என்றேன். வீட்டில் உன் அம்மாவிடமும், நாளைக்குப் பூசைக்குப் பிறகு சாமியார் வருகிறார், எனக்காக வருகிறார், என்னைத் தேடி வருகிறவரை நீ கேட்டில் நிறுத்தாதே என்று சொன்னேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "ஒங்களுக்கு என்னா இப்ப" என்றாள். வயசுதான், வேறு என்ன என்றேன்.

நேற்று வந்தார். நான் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஜெரார்ட் கட்டிலுக்குப் பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். தலையில் கை வைத்துச் செபித்தார், நெற்றியில் பூசினார், கையை நீட்டச் சொன்னார், பால் மரம் வெட்டிக் காய்த்த இந்த உள்ளங்கையில் சிலுவை போட்டார். உன் அம்மா அடுப்படி நிலையில் சாய்ந்துகொண்டு நான் எப்போது விழுவேன் என்று பார்க்கிறவள் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள். நான் விழவில்லை. எழுந்து நடந்து காட்டினேன், போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். பிறகு, பிச்சை, உனக்கும் இனிப்புநீர், முட்டிவலி, நீயும் வாங்கிக்கொள் என்றேன். வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்தாள் அம்மா. அதே நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை இறுக மூடிக்கொண்டு வாங்கினாள். அவளாக எழுந்து நாற்காலியை ஓரமாக இழுத்துவிட்டு, "தம்பிக்கும் வச்சிடுங்க சாமி" என்றாள். அவன் பாவசங்கீர்த்தனம் செய்வதற்காக எங்கள் இரண்டு பேரையும் வெளியே போகச் சொன்னார். கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றோம். பிறகு உள்ளே கூப்பிட்டுப் பூசினார், நன்மை கொடுத்தார், அப்பத்தில் ஒரு துணுக்குதான் அவனால் விழுங்க முடிந்தது. சாமியார் போன பிறகு ஜெரார்ட் முகத்தில் இருந்த இறுக்கம் போயிருந்தது, வெகு நாளைக்குப் பிறகு மருந்து கேட்காமல் தூங்கினான்.

அவன் தூங்கினதும் உன் அம்மா வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். எண்ணெய் காயாத தன் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். டாக்டரம்மா சொன்னது அன்றைக்கே உங்களுக்குத் தெரியும்தானே என்றாள். தெரியும் என்றேன். "எனக்கும் ஆஸ்பத்திரியில காடி ஏறுறப்பவே தெரியும்" என்றாள். பிறகு, "மொதல்ல வாங்குனது நீங்க, அடுத்தது நான், கடைசியாத்தான் எம் புள்ள. வரிசைன்னா வரிசையா இருக்கணும், ஆமா" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

இதை டீச்சரிடம் சொல்லும்போது அவர் பேனாவை வைத்துவிட்டார், நான்தான் எழுதுங்கள் என்றேன், என் மகளுக்குத் தெரிய வேண்டும். செலஸ்டின், அவளை ஏமாற்றத்தான் நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். ஆனால் சாமியார் கை என் தலையில் இருந்தபோது நானும் சர்வேசுரனிடம் அதைத்தான் கேட்டேன், எண்ணெய் வாங்கின வரிசைப்படி கூப்பிடு, நான் தயார் என்று. இன்று காலை எழுந்தேன், எனக்குப் பசி எடுத்தது, நெஞ்சு வலிகூட இல்லை. ஜெரார்டுக்குத் தண்ணீரும் இறங்கவில்லை. அவர் வரிசை பார்க்கிறவராகத் தெரியவில்லை அம்மா.

அதனால் கிறிஸ்துமஸுக்குப் போட்டு வைத்திருக்கும் டிக்கெட்டை மாற்று. அவசரம் இல்லை அக்கா, கிறிஸ்துமஸுக்கே வா என்று போனில் அவன் உன்னிடம் சொல்வதை நானும் கேட்டேன், அதை நம்பாதே, உன் வேலைக்குக் கஷ்டம் வரக் கூடாது என்று சொல்கிறான். அடக்கத்துக்கு வருவதென்றால் நீ வரவே வேண்டாம், அங்கேயே ஒரு பூசை வைத்துக்கொள். அவன் கண் திறந்து ஆள் தெரிகிற இந்த நேரத்தில் வா. வந்ததும் கட்டிலண்டை அழுதுகொண்டு நிற்காதே, சின்னதில் இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்தபோது எப்படி அதட்டுவாயோ அப்படி அதட்டிப் பேசு, அது அவனுக்குப் பிடிக்கும். அம்மாவுக்கு நீ வந்தால் போதும், வேறு எதுவும் வாங்கி வராதே. மருமகனிடம் கோபித்துக்கொள்ளாதே, அவருக்கு லீவு கிடைக்காவிட்டால் நீ மட்டும் வா. காளிதாசனிடம் சொல்லிவிட்டேன், எந்த நேரமானாலும் ஏர்போர்ட்டுக்கு வருவான், அந்த வேனில் இன்னும் சீட்டு மாட்டவில்லை, முன்னால் உட்கார்ந்துகொள்.

சேசுவும் மாதாவும் உன்னை ஆகாயத்திலும் கடலுக்கு மேலும் பத்திரமாகக் கொண்டு வரட்டும், உன் வயிற்றுப் பிள்ளைகள் உனக்கு முன்னால் போகாமல் இருக்கட்டும். டிக்கெட் மாற்றினதும் டீச்சர் போனுக்குத் தெரியப்படுத்து, வீட்டுக்குச் சொல்லாதே, நீ வாசலில் வந்து நிற்கும்போது அவன் பார்க்கட்டும்.

உன் வரவைப் பார்த்திருக்கும்
அப்பா சந்தியாகு
(கைநாட்டு)