தூளிக்கு அனுப்பிய சேலை

வெள்ளகவி
3.12.2024

அன்புத் தங்கச்சி ஜோதிமணிக்கு, அக்கா சண்முகசுந்தரி எழுதுவது.

இங்கே போனில் சிக்னல் கோடு ஏறுவதே இல்லை. அதனால் குதிரைக்காரர் ராஜமுருகன் அண்ணனிடம் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். நானும் உன் மச்சானும் நலம். உன் மகன் அகிலனைப் பற்றி அப்படி எழுதக் கை வரவில்லை.

நீ வேலைக்குப் போனதிலிருந்து புட்டியைக் கண்டாலே முகத்தைத் திருப்புகிறான். அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பார்கள். உன் பிள்ளை தொண்டை கிழிய அழுகிறான், குடிக்கத்தான் மாட்டேன் என்கிறான். ரப்பரை மாற்றிப் பார்த்தேன். சூட்டைக் கூட்டிக் குறைத்துப் பார்த்தேன். பாலாடையில் புகட்டினால் துப்பிவிடுகிறான். ஊசி போட வந்த நர்சம்மா, "எடை இறங்கியிருக்கேம்மா, இப்படியே விட்டா பெரியாஸ்பத்திரிக்குத்தான் தூக்கிட்டு ஓடணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நீ விட்டுப்போன சேலையில்தான் தூளி கட்டியிருக்கிறேன். அதில் உன் வாசனை போய்விட்டதோ என்னவோ. உடுத்தியது வேறு இருந்தால் துவைக்காமல் அனுப்பு. உன் வீட்டுக்காரர் ராஜேஷ்குமார் ஜீப் கவிழ்ந்து போய்ச் சேராமல் இருந்தால் உனக்கு இந்த வேலை எதற்கு? பிறத்தியார் பிள்ளைக்கு நீ புட்டி பிடிக்க, உன் பிள்ளை இங்கே பட்டினி கிடக்கிறான். கோபத்தில் எழுதிவிட்டேன், மனதில் வைக்காதே.

உன் அக்கா,
சுந்தரி


கொடைக்கானல்
6.12.2024

என் அருமை அக்காவுக்கு,

உன் கோபம் நியாயம்தான். சேலை அனுப்பியிருக்கிறேன். பால் கட்டி வழிந்ததைக்கூட அலசவில்லை. அதில் தூளி கட்டு. அம்மா பக்கத்தில் இருக்கிறாள் என்று நினைத்துக் குடித்துவிடுவான்.

இங்கே மேடத்தின் பாப்பா என் மடியில் புட்டிப்பாலை மடக் மடக்கென்று குடிக்கிறது. அதைப் பார்த்தால் எனக்குச் சோறு இறங்குவதில்லை. சுசித்ரா மேடம் நல்லவர்தான். அகிலனையும் கூட்டி வரட்டுமா என்று கேட்டதற்கு மட்டும், "அது சரிப்படாது ஜோதி" என்றுவிட்டார்.

ஜோதி


வெள்ளகவி
10.12.2024

ஜோதி,

உன் சேலை வந்தபிறகு இன்னும் மோசம். முகத்தை அதில் புதைத்துக்கொண்டு தேடுகிறான். புட்டியை வைத்தால் தட்டிவிடுகிறான். நேற்று அழக்கூட அவனுக்குத் தெம்பில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. வெரசா ஒரு வழி சொல்லு.

சுந்தரி


கொடைக்கானல்
11.12.2024

அக்கா,

ராஜமுருகன் அண்ணனை வாசலில் நிறுத்திவைத்துவிட்டு எழுதுகிறேன்.

இன்று மேடம் தானே பாப்பாவுக்குப் புட்டியில் புகட்டப் பார்த்தார். அது அவர் மார்பை முட்டி முட்டி அழுதது. "எங்கிட்ட மட்டும் ஏன் ஜோதி குடிக்க மாட்டேங்குறா?" என்று கேட்டார். நான் வாங்கினேன், அப்போதும் குடிக்கவில்லை. அவர் அறையை விட்டுப் போனதும்தான் குடித்தது. அவருக்குப் பதில் சொல்ல வாயெடுத்தபோதுதான் எனக்கே உறைத்தது. அம்மா வாசனை அடிக்கிற இடத்தில் பிள்ளை எதற்கு ரப்பரைச் சப்பும்? நான் அதன் அம்மா இல்லை, அதனால்தான் பாப்பா என்னிடம் குடிக்கிறது.

என் பிள்ளையை நானே பட்டினி போட்டிருக்கிறேன் அக்கா. தூளியை அவிழ்த்துவிடு. என் துணி ஒன்றுகூட வீட்டில் இருக்க வேண்டாம். உன் சேலையில் கட்டு. பசித்து அழுவதற்கு முன்னாலேயே, அரைத் தூக்கத்தில் மடியில் வைத்துக் கொடு. அவன் பழகும்வரை நானும் அங்கே வரமாட்டேன்.

ஜோதி


வெள்ளகவி
18.12.2024

அன்புத் தங்கச்சிக்கு,

குடித்துவிட்டான்! முதலில் நாக்கால் தள்ளினான், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தான். இப்போது புட்டியைக் கண்டால் காலை உதைக்கிறான். நர்சம்மாவே சிரித்துவிட்டார். என் முந்தானையைப் பிடித்தால்தான் துரைக்குத் தூக்கம் வருகிறது. உன் மச்சான் அவனிடம், "ஏலே, இனி பெரியம்மாதான் ஒனக்கு அம்மா" என்றார். விளையாட்டுக்குத்தான் சொன்னார். நானும் சிரித்துவிட்டேன், அப்புறம் உன்னை நினைத்து மனசு கெட்டுப்போனது.

ஞாயிற்றுக்கிழமை லீவு கேட்டு வா. இனி பயமில்லை.

சுந்தரி


கொடைக்கானல்
23.12.2024

அக்காவுக்கு,

நேற்று வந்தேன். வெள்ளனே கிளம்பி வட்டக்கானல் வழியாக இறங்கி, வீட்டுக்குப் பக்கத்தில் அவரைப் பந்தல் வரைக்கும் வந்துவிட்டேன். நீ வாசலில் உட்கார்ந்து அவனுக்குப் புகட்டிக்கொண்டிருந்தாய். கன்னம் வைத்திருக்கிறான். உன்னையே பார்த்துக்கொண்டு குடித்தான். எனக்குப் பொறாமையாக இருந்தது அக்கா, மறைக்க மாட்டேன்.

உன்னைக் கூப்பிடப் போனேன். அதற்குள் என் பக்கமிருந்து காற்று வீசியது. அவன் குடிப்பதை நிறுத்திவிட்டு, நான் நின்ற பக்கமாகத் தலையைத் திருப்பினான். "என்னடா ராசா, குடிடா" என்று நீ கெஞ்சினாய். அவன் அழ ஆரம்பித்தான். எனக்கு ரவிக்கை நனைந்துவிட்டது. ஓடிவந்து அள்ளியிருக்கலாம். அள்ளிவிட்டு, சாயங்காலம் நான் கிளம்பியபிறகு உன் கையில் அவன் குடிப்பானா?

பாறைக்கு அந்தப் பக்கம், காற்று உங்கள் மேல் படாத இடத்துக்குப் போய் நின்றேன். கொஞ்ச நேரத்தில் அழுகை அடங்கியது. எட்டிப் பார்த்தேன். குடித்துக்கொண்டிருந்தான். புட்டி காலியாகும்வரை பார்த்துவிட்டு மலை ஏறிவிட்டேன்.

ஜோதி