துரும்பைக் கிள்ளிப்போட விடாதவர்

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா எழுதிக் கேட்டுக்கிட்டே இருந்தேன். ஒண்ணுல உன் வயசு ஒத்துவரல. இன்னொண்ணுல, ஏற்கெனவே ரெண்டு மருந்து போட்டவங்களைச் சேர்க்க மாட்டோம்னுட்டாங்க. இப்பத்தான் ஒண்ணு கிடைச்சிருக்கு. உன் நுரையீரல் கட்டிக்குன்னே வந்த புது மருந்தை வெச்சு ஒரு ஆராய்ச்சி. உன் ரிப்போர்ட்டெல்லாம் பார்த்துட்டுப் பொருந்துதுன்னுட்டாங்க. இனி ஒரு நர்ஸ் போன் பண்ணி, நீ எப்படி இருக்கேன்னு விசாரிப்பாங்க. அவ்வளவுதான்.

பழைய மருந்து இனிமே கேக்காதுன்னு டாக்டர் கையை விரிச்சப்புறம் நமக்கு இருக்கிறது இது ஒண்ணுதான். போனை அணைச்சு வெச்சுடாதே.

உன் வாலு


மார்ச் 14

என் வாலுக்கு,

கடைசியில என்னை ஆராய்ச்சி எலி ஆக்கிட்டே. எலிக்கு வேண்டிய லட்சணமெல்லாம் பொருந்தியிருக்குன்னு உன் மாமாவுக்கு ஒரே பெருமை.

நர்ஸ் கூப்பிட்டப்போ நான் குளிச்சுக்கிட்டிருந்தேன். நான் துவட்டிட்டு வர்றதுக்குள்ள மாமாவே எல்லாம் பேசி முடிச்சுட்டார். நல்ல பொண்ணாம், ஒவ்வொண்ணா விசாரிச்சாளாம்.

காலமெல்லாம் லிப்ட் ரிப்பேர் பார்த்த மனுஷன், கல்யாணமான நாள்லேர்ந்து வீட்டுல ஒரு டம்ளரை நகர்த்தி வெச்சதில்ல. இப்ப எனக்குத் தலை வாரி விடுறார். வகிடுதான் கோணல். நான் எழுந்தாலே முறைக்கிறார். அவர் கடைக்குப் போனதும் மொட்டைமாடிக்கு ஓடித் துணி காயப்போட்டுட்டு வந்து, இழுத்துப் போர்த்திப் படுத்துக்கிறேன். துணி எப்படிக் கொடிக்குப் போச்சுன்னு இதுவரைக்கும் கேக்கல.

உன் அக்கா


மார்ச் 29

அக்கா,

உன்னைச் சேர்த்துக்கலயாம். ஏன்னு விடாமக் கேட்டேன். தன் காரியத்தைத் தானே பாத்துக்க முடியறவங்களுக்குத்தான் அந்த மருந்து கொடுப்பாங்களாம். நர்ஸ் அதைத்தான் விசாரிச்சிருக்கா. மாமா, "ஒரு துரும்பைக்கூடக் கிள்ளிப்போட விடுறதில்லம்மா, தலை வார்றதுலேர்ந்து எல்லாம் நான்தான், பகல் பூரா படுக்கையை விட்டு எழுந்திருக்க விடமாட்டேன்"னு சொல்லியிருக்கார். அவங்க படுத்த படுக்கைன்னு எழுதிக்கிட்டாங்க.

நேர்ல கூப்பிட்டுப் பாருங்கன்னு கெஞ்சினேன். அதுக்குள்ள இடம் நிரம்பிடுச்சு, இனிமே ஆள் எடுக்கலன்னுட்டாங்க.

வயிறு எரியுது அக்கா. மாமாகிட்ட நானே பேசப்போறேன்.

வாலு


ஏப்ரல் 6

வாலு,

பேசாதே. எனக்கும் கோவம்தான். உன் லெட்டர் வந்த அன்னிக்கு அவர் நீட்டின சாப்பாட்டுத் தட்டைத் தட்டிவிடலாம்னு இருந்தது. எனக்கு உயிர்மேல ஆசை இல்லையா? ரொம்ப இருக்குடி. ஆனா சொல்லி என்ன ஆகப்போகுது? மருந்து வந்திடப்போறதில்ல. அவர் அப்புறம் என் பக்கத்துல வரவே பயப்படுவார். இப்ப எனக்கு நிஜமாவே கை வேணும். நேத்து மாடிப்படியில பாதியிலேயே உக்காந்துட்டேன்.

என்மேல சத்தியம், வாயைத் திறக்காதே. வேற ஏதாவது இருக்கான்னு மட்டும் தேடு.

உன் அக்கா


ஜூலை 20

வாலுக்கு மாமா எழுதறது.

நீ வந்து அக்காவைக் கடைசியா வழியனுப்பிட்டுப் போனதுலேர்ந்து ஒரே யோசனை. நேர்ல கேக்க வாய் வரல.

அந்த ஆராய்ச்சியில ஏன் நம்மளைச் சேர்க்கல? அந்த நர்ஸ் எவ்வளவோ அக்கறையா, வீட்டுல எப்படிப் பாத்துக்கிறீங்கன்னுதான் கேட்டா. நானும் கொஞ்சம் கூட்டியே சொன்னேன். அவளே செய்துக்கிற சில வேலையையும் நான் செய்யறதாச் சொன்னேன். அது பொய்யின்னு கண்டுபிடிச்சுட்டாங்களோ? சரியாக் கவனிக்காத வீடுன்னுதான் கழிச்சுட்டாங்களோ? உனக்குத் தெரிஞ்சிருக்கும். எதுவா இருந்தாலும் எழுது.

மாமா


ஆகஸ்ட் 2

அன்புள்ள மாமாவுக்கு,

அப்படியெல்லாம் ஒண்ணுமில்ல. நாம கேட்டப்பவே இடம் நிரம்பிடுச்சாம், அதான் காரணம். உங்க அளவுக்கு அக்காவை வேற யாரும் பாத்துக்கிட்டிருக்க முடியாது. நேரத்துக்குச் சாப்பிடுங்க. நீங்க சொன்னதுல ஒரு வார்த்தையைக்கூட அவங்க சந்தேகப்படல மாமா.

வாலு