இரவல் ஆட்டக்காரிகள்

2025 பெப்ரவரி 4, செவ்வாய்

கிறிஸ்ரியன் இன்று தட்டாமல் என் அறைக்குள் வந்து, வட ஜெர்மனிப் பல்கலைக்கழக ரக்பி லீக்கின் முப்பது வருட வரலாற்றை நான் எழுதவேண்டும் என்றார். மே மாதம் ஹனோவரில் விழா. விழாப் படங்களையும் சேர்த்து மலர் அடிப்பார்களாம். ஏன் நான்? எங்கள் ஹனோவர்ப் பல்கலைக்கழக விளையாட்டுப் பிரிவு அலுவலகத்தில் எனக்குத்தான் பொறுமை அதிகமாம். இருபது வருடமாக லீக்குக்குத் தலைவர், அதே இருபது வருடமாக என்னைக் "கிரியா" என்றுதான் கூப்பிடுகிறார். கிரிஜா என்று சொல்ல வாய் வளையாது. அவருக்கு என் பொறுமை தெரியுமாம்.

முதல் வரியைத் தானே எழுதிக் கொண்டுவந்திருந்தார். மூன்று நண்பர்கள், ஒரு பியர்க்கடை, ஒரு கனவு. அந்த மூவரில் அவரும் ஒருவர். கண்டறியாத கனவு.

தமிழில் எழுதுவதில் ஒரு வசதி. இந்தக் கொப்பியை மேசையில் விரித்து வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போகலாம்.

பெப்ரவரி 13

லீக்கின் முப்பது ஆண்டறிக்கைகளின் புழுகையும் வாசித்து முடித்தேன். ஒவ்வொரு வருடமும் 'மறக்கமுடியாத' வருடம். மழையால் பாதியில் நிறுத்திய ஓர் ஆட்டத்துக்கு இரண்டு பக்கம். இருபது வருடத்துக்கு முன் நான் மாணவியாக ஆடின எங்கள் பெண்கள் அணிக்கு நாலு வரி. எல்லா ஆட்டத்துக்கும் ஒரே முடிவு: 0:50, அணி வரவில்லை.

வரவில்லையா? நான் போனேனே!

ஏழு பேர் ஆடுகிற ஆட்டம் அது. அப்போது எங்களுக்கு ஐந்து பேர் சேர்வதே பெரும்பாடு. ஒருத்திக்குப் பரீட்சை, ஒருத்திக்கு வேலை. ஐந்து பேராகவே போய் ஹம்பேர்க்கில் இறங்குவோம். அவர்களின் கப்டன் வீப்கே எங்களை எண்ணிப் பார்ப்பாள். ஒன்றும் கேட்கமாட்டாள். தன் ஆட்களில் இரண்டு பேரை எங்கள் பக்கம் தள்ளிவிடுவாள். அவர்களை நாங்கள் இரவல் ஆட்கள் என்போம். ரக்பியில் அது பழைய வழக்கம். இரவல் வந்தவள் தன் சொந்த அணிக்கு எதிராக உயிரைக் கொடுத்து ஆடுவாள். ஆட்டம் முடிந்தால் எங்கள் மேசையில் இருந்துதான் சாப்பிடவேண்டும். நான் கொண்டுபோன ஆட்டிறைச்சி ரோல்ஸைச் சாப்பிட்டுவிட்டு உறைப்பில் அழுதவளும் உண்டு. அப்படி ஆடி நாலு தரம் வென்றோம்.

ஆனால் கிறிஸ்ரியன் ஒரு விதி போட்டு வைத்திருக்கிறார். சொந்தமாக ஏழு பேர் இல்லாத அணி வராத அணி. மைதானத்தில் வியர்த்து விழுந்து எழும்பினாலும் வரவில்லைதான்.

பெப்ரவரி 20

நிர்வாகக் கூட்டம். குறிப்பெடுக்க நான் போகவேண்டும் என்பது எழுதாத சட்டம்.

பெண்கள் அணி ஓர் ஆட்டத்திலும் வென்றதில்லையாம். ஆகவே இலையுதிர்காலத்திலிருந்து அவர்களின் இடத்தையும் செவ்வாய்க்கிழமை மைதானத்தையும் ஆண்களின் இரண்டாவது அணிக்குக் கொடுக்கலாமாம். விழா அன்று மாலை வாக்கெடுப்பு. "வரலாறே பேசுகிறது" என்றார் கிறிஸ்ரியன். வரலாறு எங்கே பேசியது? உவர்தான் பேசினவர். மற்றவர்கள் கேக்கைத் தின்றுகொண்டு தலையாட்டினார்கள்.

பெப்ரவரி 25

தேஜஸ்வினி வந்தாள். இப்போதைய கப்டன், கோயம்புத்தூர்ப் பிள்ளை, இங்கே மாஸ்டர்ஸ் படிக்கிறாள். செய்தி அவளுக்கும் எட்டிவிட்டது.

"மேம், நம்ம டீம் எப்பவாவது ஜெயிச்சிருக்கா?"

"மேம் எண்டு கூப்பிடாதையும். நாலு தரம் வெண்டிருக்கிறம்."

"அப்ப வெப்சைட்ல ஏன் எல்லாமே சீரோ?"

"அஞ்சு பேராப் போனாக் கணக்கில்லையாம்."

தன் ஆட்களை விரல்விட்டு எண்ணினாள். பிறகு, "நாங்களும் அஞ்சு பேர்தான் அக்கா" என்றாள்.

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. அந்தச் செவ்வாய்க்கிழமை மைதானம் போனால் இந்தப் பிள்ளைகள் எங்கே போய் ஓடுவது? கார் நிறுத்துமிடத்திலா?

மார்ச் 19

நாலு வெற்றிகளையும் எழுதி அனுப்பினேன். கிறிஸ்ரியன் சிவப்புக் கோடு போட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறார். ஓரத்தில்: விதி விதிதான். பியர்க்கடையைப் பற்றி இன்னும் ஒரு பக்கம் எழுதலாமாம்.

ஏப்ரல் 2

மலரின் மாதிரிப் பிரதியில் பக்கத்துக்குப் பக்கம் கிறிஸ்ரியனின் படம். பக்கத்துக்குப் பக்கம் தலைமயிர் குறைந்துகொண்டு போகிறது. இந்த ஒரு வரலாறுதான் உண்மை.

மே 10, சனி

இன்றைக்கு நடந்ததை ஒழுங்காக எழுதவேண்டும்.

விழாவில் பழைய ஆட்டக்காரர்களுக்கு ஒரு ஆட்டம். ஹனோவரும் ஹம்பேர்க்கும். முழங்கால்களை நினைத்து, விழுத்துவது கிடையாது, தொட்டால் போதும் என்று வைத்திருந்தார்கள். ஆனால் அதற்கும் 'ஜூபிலிக் கிண்ணம்' என்று பெயர் வைத்து, லீக்கின் அதிகாரபூர்வமான ஆட்டமாகப் பதிந்தவர் கிறிஸ்ரியன். ஹம்பேர்க்கை ஒருநாளாவது வெல்லவேண்டும் என்பது அவருடைய தீராத ஆசை. பழைய ஜேர்சியைப் போட்டுக்கொண்டு வந்தார். வயிறு வெளியே நின்று தனியாக வேடிக்கை பார்த்தது.

எங்கள் ஹனோவர் ஆட்களில் ஒருவருக்கு முதுகு பிடித்துவிட்டது. இன்னொருவர் காரில் இருந்து இறங்கும்போதே முழங்காலைப் பிடித்துக்கொண்டார். மிச்சம் ஐந்து பேர்.

ஐந்து!

ஹம்பேர்க்காரர் சரியாக ஏழு பேர், இரவல் தர ஆள் இல்லை. கிறிஸ்ரியன் சுற்றிவரப் பார்த்தார். உருளைக்கிழங்கு சலாட் சட்டியோடு நின்ற பெண்கள் அணிதான் கண்ணில் பட்டது. தேஜஸ்வினியும் இன்னொருத்தியும் சட்டியை என் கையில் தந்துவிட்டு இறங்கினார்கள். தேஜஸ்வினி ஓடின ஓட்டத்துக்கு ஹம்பேர்க் கிழடுகள் திரும்பிப் பார்க்கவே நேரம் போதவில்லை. 4:3. ஹனோவர் வெற்றி. கிறிஸ்ரியன் அந்தப் பித்தளைக் கிண்ணத்தைக் கட்டிப்பிடித்து அழுதார். வழக்கப்படி தேஜஸ்வினி அவர்களுடைய மேசையில் சாப்பிட இருந்தாள், சலாட்டில் பன்றி இறைச்சித் துண்டுகளைப் பொறுக்கிப் பொறுக்கி ஒதுக்கிக்கொண்டு.

மாலை கூட்டம். வெற்றியை மலரின் கடைசிப் பக்கத்தில் போடச் சொன்னார். நான் ஆட்ட அறிக்கையைக் கையில் எடுத்து, எத்தனை பேர் வந்தீர்கள் என்று கேட்டேன்.

ஹம்பேர்க் பெண்களின் பயிற்சியாளராக வந்திருந்த வீப்கே, தலை நரைத்துவிட்டது, பின்வரிசையில் இருந்து "ஐந்து" என்றாள்.

அப்படியென்றால் 0:50, அணி வரவில்லை என்று எழுதுகிறேன் என்றேன்.

கிறிஸ்ரியன் என்னைப் பார்த்தார். கிண்ணத்தைப் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, இரவல் ஆட்களோடு ஆடினாலும் ஆட்டம் ஆட்டம்தான், அதுதான் ரக்பி, அதைத் தான் எப்போதும் சொல்லி வந்திருப்பதாகச் சொன்னார். எப்போதும் சொன்னவராம்! முகத்தில் ஒரு வெட்கமும் இல்லை. அப்படியானால் பழைய ஆட்டங்களுமா என்று வீப்கே கேட்டாள். கிண்ணத்தை விடாமல் தலையாட்டினார். எல்லாத் தலைகளும் ஆடின. பிறகு வாக்கெடுப்பு: பெண்கள் அணிக்கு எதிராக ஒரு கையும் உயரவில்லை.

நியாயம் கண்டு மனம் மாறினார் என்று யாரும் சொன்னால் சிரிப்பேன். ஒரு பித்தளைச் சாமானுக்காகத் தந்தார். தரட்டும், வாங்கினோம்.

மே 13

மலரின் முகப்புப் படம் மாறுகிறதாம். கிறிஸ்ரியனும் கிண்ணமும். விளிம்பில் தேஜஸ்வினியின் ஒரு கை.

உள்ளே எங்கள் நாலு வெற்றிகள், இரவல் வந்தவர்களின் பெயர்களோடு. இந்தமுறை சிவப்புக் கோடு இல்லை.

ஒக்ரோபர் 18, சனி

இலையுதிர்கால முதல் ஆட்டம், ஹம்பேர்க்கில். வியாழன் அன்றே தேஜஸ்வினி வந்து, "அக்கா, அஞ்சு பேர்தான். ஸ்டாஃபும் ஆடலாம்னு ரூல் இருக்கு" என்றாள். எனக்கு நாற்பத்தாறு வயது, விசரே என்றேன். வீட்டில் சொன்னபோது என் மனிசன் டிவியில் இருந்து கண்ணை எடுக்காமல், "விழுந்தா ஆர் தூக்கிறது?" என்றார். அந்தக் கேள்வியைக் கேட்காமல் இருந்திருந்தால் இன்றைக்கு வீட்டில் இருந்திருப்பேன்.

ஆறு பேராகப் போய் இறங்கினோம். வீப்கே எண்ணிப் பார்த்தாள். ஒருத்தியை மட்டும் எங்கள் பக்கம் தள்ளிவிட்டாள்.

விலா நோகிறது. காதுக்குள் இன்னும் சேறு. திரும்பிப் படுக்க ஏலாது.

12:31. தோற்றோம். அறிக்கையிலும் தோற்றோம் என்றே எழுதியிருக்கிறது.