கச்சான் காற்றும் பிள்ளையார் போத்தலும்

என்றும் என் வாயாடி மச்சாளுக்கு,

பிள்ளை இப்போதுதான் தூங்கினாள். நீங்கள் அவளைத் தொட்டிலில்தானே பார்த்தீர்கள்? உங்கள் மருமகள் இன்று தவழ்ந்தே குசினி தாண்டி, நாம் இருவரும் தொடங்கிய இஞ்சி பியர் கொட்டில்வரை போய்விடுகிறாள். என் பயமெல்லாம் அதுதான்.

நீங்கள் கண்ணை மூடிய பிறகு வந்த முதல் கச்சான் இது. அந்த அனல்காற்று துறைமுகத் தண்ணீரைத் தாண்டி வந்து நம் கொட்டிலின் மேற்குத் தகரத்தில் மோதுகிறது. போத்தல்கள் வெடிக்கின்றன. உங்கள் காலத்திலும் ஒன்றிரண்டு வெடிக்கும். கச்சானுக்குக் கோபம் என்று சிரித்துவிட்டுக் கூட்டி அள்ளுவீர்கள். இம்முறை பெட்டி பெட்டியாக. ஒருநாள் குசினி வாசலில் விரித்திருந்த பிள்ளையின் பாயில் கண்ணாடித் துண்டு கிடந்தது. அவளுடைய கை அதற்கு எவ்வளவு கிட்ட இருந்தது என்று என்னால் இன்னும் வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை.

உங்கள் தம்பி அன்றைக்கே முடிவாகச் சொல்லிவிட்டார். இனியும் வெடித்தால் கொட்டிலை மூடுவது, தான் பழையபடி வேலை தேடிப் போவது. அதற்குள் தன்னால் ஆனதையும் செய்து பார்த்தார். சீனியைக் குறைத்தார், இஞ்சிக் கடையை மாற்றினார், ஈஸ்டை மாற்றினார், எல்லாம் ஒரே வாரத்தில். போத்தல் கழுவ வரும் ரிபாயாவையும் ஏசினார். கிண்ணியாவிலிருந்து பஸ் ஏறி அடுத்த நாளும் வந்தாள் அவள். ஆனால் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டே போத்தல் கழுவினாள்.

கம்பஸில் தர முகாமைத்துவம் படித்தவள் என்று என்னை எவ்வளவு பகிடி பண்ணுவீர்கள். "படிச்சதை இஞ்சிக்குச் சொல்லிக் குடும், அது கேக்கும்" என்பீர்கள். சொல்லிக் கொடுத்தேன், மச்சாள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று; ஆளைக் குற்றம் சொல்லுமுன் வேலை நடக்கும் முறையைப் பார். எனக்கு மிஞ்சியிருந்த பாடம் அவ்வளவுதான். எல்லாவற்றையும் உங்கள் பழைய அளவுக்கே திருப்பிவிட்டு, எந்தப் பெட்டிகள் வெடிக்கின்றன என்று மட்டும் பார்த்தேன். எல்லாம் மேற்குத் தகரத்தோடு ஒட்டியிருந்தவை. நம்மிடம் வாங்கும் ஹோட்டல்காரர் கூடுதலாகக் கேட்டதால் இந்த வருடம்தான் தகரம்வரை அடுக்கினோம்.

தகரத்து வெக்கையில் வாயு மிஞ்சி அவை பதம் தாண்டியது நமக்கு ஏன் தெரியாமல் போனது? இங்கேதான் நீங்கள் என்னோடு கோபிக்கப் போகிறீர்கள். முதலில் நிரப்பும் போத்தலுக்குத் திருநீறு பூசிப் பிள்ளையார் படத்தடியில் வைப்பது உங்கள் வழக்கம். சில நாளில் அதைத்தான் திறந்து, அவருக்கு ஒரு சொட்டு ஊற்றிவிட்டு ருசிபார்ப்போம். பொங்கினால் எல்லாப் பெட்டியும் குளிர்பெட்டிக்குப் போகும். பொங்காவிட்டால் இன்னொரு நாள் வெளியில் இருக்கும். பிள்ளையாரோ தண்ணீர்த் தொட்டிச் சுவரோடு, கொட்டிலிலேயே குளிரான மூலையில் இருக்கிறார். அவருடைய போத்தல் எப்போதும் ஆறுதலாக, பிந்தித்தான் பொங்கும். அதை நம்பி, தகரத்தடியில் கொதித்துக்கொண்டிருந்தவற்றையும் காக்கவைத்தோம்.

இதைச் சொன்னபோது உங்கள் தம்பியின் முகம் இறுகிவிட்டது. "அக்கா வைச்ச முறையில கை வைக்காதையும்" என்றார்.

நான் கை வைக்கவில்லை. அடுத்த முறை தகரத்தடியிலிருந்து ஒரு போத்தலைச் சாக்கில் சுற்றி எடுத்து வந்து பிள்ளையார் போத்தலுக்குப் பக்கத்தில் வைத்து, இரண்டையும் உங்கள் தம்பியையே திறக்கச் சொன்னேன். பிள்ளையாருடையது மெல்ல ஒரு மூச்சு விட்டது. மற்றது அவருடைய சேர்ட், கூரை, ரிபாயாவின் முக்காடு எல்லாவற்றையும் நனைத்தது.

முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பிள்ளையாருக்கு மட்டும் ஏசி அறை குடுத்திருக்கிறம்" என்றார். ரிபாயா வாய்பொத்திச் சிரித்தாள். அன்று போத்தல் கழுவ அவரும் அவளுக்கு எதிரே குந்தினார்.

பின்னேரம் என்னிடம் கேட்டார்: "அக்கா இருந்தா என்ன சொல்லியிருப்பா?"

"முதல்ல என்னை ஏசியிருப்பா. பிறகு வந்து பெட்டியைத் தூக்கியிருப்பா."

அவர் எழும்பிப் போய் ஒரு பெட்டியைத் தூக்கினார்.

தகரத்தைவிட்டு எல்லாவற்றையும் தள்ளி அடுக்கிவிட்டோம். இப்போது ஆக வெக்கையான இடத்துப் போத்தலைத்தான் திறந்து பார்க்கிறோம். பிள்ளையாருக்கும் அவருடைய பங்கு தவறுவதில்லை. கடைசியாக ஊற்றியதில் ஒன்றும் வெடிக்கவில்லை. ஆனால் சிலவற்றில் வாயு குறைவு என்று ஹோட்டலில் இருந்து சொல்லியனுப்பியிருக்கிறார்கள். ஏன்? இன்னும் பிடிபடவில்லை. மாரி மழை தொடங்கினால் இதெல்லாம் திரும்பவும் மாறத்தானே போகிறது? பயம் விட்டுவிட்டது என்று உங்களிடம் பொய் சொல்ல ஏலாது. கொட்டில் வாசலுக்கு ஒரு படலை போட்டேன். உங்கள் மருமகள் அதையே பிடித்து எழும்பப் பார்க்கிறாள்.

ஆனால் மூட மாட்டேன், மச்சாள். இனி எது பிழைத்தாலும் ஆளைத் தேடாமல் காரணத்தைத் தேடுவேன். அது உங்கள் கைப்பழக்கத்தில் இருந்தாலும் சரி, என்னுடையதில் இருந்தாலும் சரி.

உங்கள் தம்பிக்கு வாழ்க்கைப்பட்டு வந்து,
உங்களோடு சண்டைபிடித்தே மச்சாளானவள்,
வாணி