ப்ரக்கோலி வத்தல்

அன்பு மர்வாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுகமாக இருக்கிறேன். ஹம்னாவுக்குக் காய்ச்சல் விட்டதா? உம்மாவின் மூட்டுவலி தேவலையா?

போனில் சொன்னால் அழுவாய், அதனால் எழுதுகிறேன். படித்துச் சிரித்துவிடு. இங்கே வந்து இறங்கியதும் விமான நிலையத்தில் நீ கட்டித்தந்த வத்தலைப் பிடித்துவிட்டார்கள். காலிபிளவரை ஒன்றும் சொல்லவில்லை. ப்ரக்கோலி பச்சையாகச் சுருங்கிக் கிடந்ததால் கஞ்சா என்று நினைத்துவிட்டார்கள். பாஸ்போர்ட்டையும் போனையும் வாங்கிக்கொண்டு என்னைத் தனி அறையில் உட்காரவைத்தார்கள். காய்கறி என்று சொல்லிப் பார்த்தேன், நம்பவில்லை. கடைசியில் கொஞ்சம் வெந்நீர் கேட்டேன்.

அதிகாரி ஒரு தம்ளரில் தந்தார். ஒரு துண்டைப் போட்டேன். அது அப்படியே மிதந்தது. அவர் ஆளைக் கூப்பிட எழுந்து கதவருகே போய்விட்டார். பிறகு அது பைய விரிந்து, நீ மொட்டைமாடியில் காயப்போட்ட அதே பூவாக நின்றது.

"தின்னு" என்று சைகை காட்டினார். தின்றேன். மீதியைக் குப்பையில் கொட்டிவிட்டு என்னை அனுப்பினார்கள்.

அடுத்த முறை காலிபிளவர் மட்டும் போதும். நீயும் ஹம்னாவும் மாடியில் காயப்போடுகிற போட்டோ ஒன்றையும் பொட்டலத்துக்குள் வை. கேட்டால் காட்டலாம்.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது. புறப்படும்போது, "உப்பு கூடிட்டோன்னு பயமா இருக்கு, தின்னு பாத்துச் சொல்லுங்க" என்றாயே. சரியாகத்தான் இருந்தது.

அலி அஸ்கர்