கட்டுப்பாடு மிக்க அணி

ஜனவரி 6, செவ்வாய். திண்டிவனம்

சைக்கிள் பந்தயத்தின் முதல் கட்டப் பாதையை இன்று ஸ்கூட்டரில் போய்ப் பார்த்து முடித்தேன். திண்டிவனத்தில் தொடங்கி மரக்காணம், அங்கிருந்து கடலோரமாகக் கோட்டக்குப்பம். உப்பளத்தை ஒட்டிய இடத்தில் பக்கக்காற்று ஆளைத் தள்ளுகிறது. ஒன்றாக ஓட்டி வரும் வீரர்கள் கூட்டம் அங்கேதான் உடையும். கைப்பிடியில் மாட்டிய போன் சாலை முழுவதையும் படம் பிடித்துக்கொண்டே வருகிறது.

பிப்ரவரியில் பந்தயம். நான்கு நாள், நான்கு கட்டம், ஒன்பது அணி. பாதையையும் அணிகளையும் அறிமுகப்படுத்தும் புத்தகம் என் பொறுப்பு. நான் பந்தயம் ஓட்டுவதை நிறுத்திப் பன்னிரண்டு வருடம் ஆகிறது.

பட்டியலில் ஐந்தாவது, கோதண்டபாணி நடத்தும் அணி. என் பழைய பயிற்சியாளர். அந்தப் பக்கத்தை இன்று எழுதவில்லை.

ஜனவரி 9, வெள்ளி. விழுப்புரம்

மூன்றாம் கட்டம்: விழுப்புரம், காணை, கெடார், அப்படியே செஞ்சி. கெடாருக்கு முன்னால் கோதண்டபாணியின் ஆறு வீரர்களும் பாதை பார்க்க வந்திருந்தார்கள். பின்னால் காரில் அவர். வெள்ளை அடிக்காத வேகத்தடையில் சகாயராஜ் தூக்கி எறியப்பட்டான். இருபத்து மூன்று வயது. அந்த அணியில் மேடு ஏறுவதற்கு அவனை விட்டால் ஆளில்லை.

கோதண்டபாணி இறங்கி டிக்கியைத் திறந்தார். பழைய ட்யூபை இரண்டாக மடித்தார்.

"கண்ணை எங்கடா வச்சிக்கினு ஓட்ற?"

தொடையில் நாலு. எழுந்தவனின் காதில் ஓங்கி ஒரு அறை. மறுபடி விழுந்தான். மற்ற ஐந்து பேரும் அவரவர் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பக்கத்துக் கொல்லையில் மல்லாட்டைச் செடிக்குக் களை வெட்டிய பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

அப்புறம் என்னைக் கவனித்துவிட்டுச் சிரித்தார். "இசைவாணி, நல்லா இருக்கியா? நம்ம டீமைப் பத்தி நல்லா எழுதும்மா."

"சரிங்க சார்" என்றேன்.

சரிங்க சார். நான்தான் சொன்னேன்.

ஜனவரி 10, சனி

ஐந்தாம் அணியை எழுதி அனுப்பிவிட்டேன். "கட்டுப்பாடு மிக்க அணி. மேலாளரின் கண்டிப்பே இதன் பலம்."

பதினேழு வயதில் என்னைச் செயினால் அடித்தார். முழங்காலுக்குக் கீழே தழும்பு இன்னும் வரிசையாக இருக்கிறது. கேட்டவர்களிடம் எல்லாம் சைக்கிளிலிருந்து விழுந்ததாகச் சொன்னேன். அம்மாவிடமும் அதுதான்.

ஜனவரி 12, திங்கள். விழுப்புரம்

சகாயராஜ் ஆஸ்பத்திரியில் இருக்கிறான். செவிப்பறை கிழிந்திருக்கிறது. "வுழுந்துட்டேங்க்கா" என்றான், என்னைப் பார்க்காமல்.

அவன் அம்மா சவுரியம்மாள் நடவிலிருந்து நேராக வந்திருந்தார். பாதத்தில் சேறு காய்ந்திருந்தது. "வுழுந்தா கையி காலுல அடிபடும். காதுக்குள்ளயா அடிபடும்? நீயாச்சும் சொல்லும்மா."

வெளியே வந்து போனைப் பார்த்தேன். கெடாரில் பதிவை நிறுத்தவே இல்லை. எல்லாம் இருக்கிறது. அறையின் சத்தம். என் "சரிங்க சார்".

திரும்ப உள்ளே போய் அந்த அம்மாவிடம் காட்டினேன்.

ஜனவரி 13, செவ்வாய்

போட்டிக் குழுச் செயலாளர் விருத்தாசலத்திடம் காட்டினேன்.

"பேஜாரு புடிச்ச வேலைம்மா இது. ரேஸ் முடியட்டும், கூப்ட்டுக் கண்டிச்சி வுட்றேன்."

"அதுவரைக்கும் அடிச்சிக்கினே இருக்கட்டுங்களா?"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இப்ப என்னா பண்ணணுன்ற?"

"நான் எழுதுன பக்கத்த அச்சுக்கு அனுப்பாதீங்க. பொய் எழுதியிருக்கேன்."

குழுவில் உள்ள ஏழு பேருக்கும் வீடியோவை அனுப்பிவிட்டேன்.

ஜனவரி 16, வெள்ளி

இடது கையால் எழுதுகிறேன்.

நேற்று பொங்கல். காலை பத்து மணி. கதவைத் திறந்தால் கோதண்டபாணி. கையில் பெடல் கழற்றும் ஸ்பேனர். போனைக் குடு என்றார். குடுக்கல. என் தலையைக் கதவு நிலையில் மோதினார். வலது மணிக்கட்டில் ஸ்பேனர், ரெண்டு தடவ. எலும்பு உடைஞ்ச சத்தம் எனக்கே கேட்டுது.

கதவுக்குப் பின்னால் சைக்கிளுக்குக் காற்றடிக்கும் இரும்புப் பம்ப். முழங்காலில் அடிச்சேன். விழுந்தார். வாயில் அடிச்சேன். பல் தெறிச்சுது. வேணாம் வேணாம்னு கையைக் காட்டினார். நிறுத்தியிருக்கணும். நிறுத்தல. இன்னொரு அடி.

எதிர்வீட்டு அன்புச்செல்வி ஓடிவந்து என் இடுப்பைப் பிடித்து இழுத்தாள். "செத்துடுவான்க்கா, வுடு."

அந்தக் கடைசி அடி எனக்குப் பிடித்திருந்தது. இதையும் எழுதத்தான் வேண்டும்.

ஜனவரி 17, சனி

ட்யூபை ஓங்கும்போது அவருக்கும் இப்படித்தான் இருந்திருக்குமோ?

ஜனவரி 21, புதன்

காவல் நிலையம். அவர்மேல் என் புகார், என்மேல் அவர் புகார். கடைசி அடியையும் மறைக்காமல் சொன்னேன். வழக்கு என்மேலும் இருக்கும் என்றார்கள். இருக்கட்டும்.

கிளம்பும் நேரத்தில் சவுரியம்மாள் மகனை அழைத்துக்கொண்டு வந்தார். காதில் பஞ்சு. "வுழுவலைங்க. அவுருதான் அடிச்சாரு" என்றான். பின்னாலேயே மற்ற ஐந்து பேரும். ஒருவன் திரும்பி நின்று சட்டையைத் தூக்கிக் காட்டினான். எழுதிக்கொண்டிருந்த ஏட்டம்மா பேனாவை வைத்துவிட்டார்.

சாயங்காலம் கோதண்டபாணியைக் கைது செய்தார்கள்.

ஜனவரி 27, செவ்வாய்

புத்தகம் அச்சுக்குப் போனது. ஐந்தாம் அணியின் பக்கம் இப்போது இப்படி: "இந்த அணிக்கு மேலாளர் இல்லை. தாங்கள் அடிக்கப்பட்டதை ஆறு வீரர்களும் காவல்துறையிடம் சொல்லியிருக்கிறார்கள். ஆறு பேரும் ஓட்டுகிறார்கள். இந்த அணியைப் பற்றி முதலில் நான் எழுதியது உண்மை அல்ல."

விருத்தாசலம் ஒரு வார்த்தையும் வெட்டவில்லை.

பிப்ரவரி 7, சனி. செஞ்சி

மூன்றாம் கட்டம் முடிந்தது. டாக்டர் அனுமதித்ததால் சகாயராஜ் ஓட்டினான். கடைசிக்கு முந்தின ஆளாக வந்து சேர்ந்தான். அவன் அணியில் யாரும் அறைக்குத் திரும்பவில்லை, வெயிலிலேயே காத்திருந்தார்கள்.

தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு வேகமாகக் கிட்டே போய் நீட்டினேன். சைக்கிளை அப்படியே கீழே விட்டுவிட்டு இரண்டு காதையும் பொத்திக் குனிந்துகொண்டான்.

பாட்டிலைத் தரையில் வைத்துவிட்டு இரண்டடி பின்னால் வந்தேன். கொஞ்ச நேரம் கழித்து நிமிர்ந்தான். எடுத்துக் குடித்தான்.

"மேட்டுல மூச்சு வாங்கிடுச்சிக்கா" என்றான்.