மினுக்கித் திருப்பிக் கொடுத்த பானை

என் அன்பு மச்சாள்,

ஆர் ஆர் வந்தது என்றுதான் முதலில் கேட்பீர்கள். சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை, தேவாலய மண்டபத்தில், யன்னலோர மேசையில் இருந்தது ஆறு பேர்: பாஸ்டர் அம்மா, ஹெர் லுட்கே, மேல்மாடியில் இப்போது இருக்கிற அகதிப் பெண் நஸ்ரின், அவளுடைய நாலு வயது மகள், உங்கள் தம்பி, நான். ஏழாவது கதிரை போன வருடம் நீங்கள் இருந்தது. அதில் ஹெர் லுட்கே தன் தொப்பியை வைத்திருந்தார்.

அறுவடைக்கு நன்றி சொல்கிற அந்த ஞாயிறுதான். பீடத்துக்கு முன்னால் வழமைபோலப் பூசணி, அப்பிள், பாண், லீக்ஸ் எல்லாம் அடுக்கியிருந்தார்கள். ஒவ்வொரு வருடமும் நீங்கள் கொண்டுபோய் வைக்கிற கத்தரிக்காயை இந்த முறை நான் வைத்தேன். வீட்டில் விளக்கேற்றி, திருநீறு பூசிக்கொண்டுதான் போனேன்.

ஜேர்மனிக்கு வந்து இத்தனை வருடமாகியும் இந்தப் பண்டிகை எனக்குப் பிடிபடவில்லை, மச்சாள். தைப்பொங்கலுக்குச் சூரியனுக்குப் பொங்கிப் படைக்கிறோம். சூரியன் திரும்பி வந்து, நான் தந்ததை நீ சாப்பிட்டியோ என்று கேட்பதில்லை. இங்கே நன்றி கடவுளுக்குத்தான் என்கிறார்கள். ஆனால் எனக்குத் தந்தவர்கள் பின்வரிசை வாங்கில் இருக்கிறார்கள். என் பிடரியையே பார்த்துக்கொண்டிருப்பதுபோல ஒரு கூச்சம். உங்களுக்கும் அப்படி இருந்ததா? கேட்காமல் விட்டுவிட்டேன்.

உங்களுக்குத் தெரிந்த கதைதான், ஆனாலும் முதலிலிருந்து சொன்னால்தான் எனக்கு மனம் தெளியும். அகதி விண்ணப்பத்தை நிராகரித்து, நாட்டைவிட்டுப் போகச் சொல்லிக் கடிதம் வந்தபோது, இந்தச் சபைதான் எங்கள் மூன்று பேரையும் மேல்மாடி அறையில் வைத்துக் காப்பாற்றியது. தேவாலயத்துக்குள் பொலிஸ் வராது என்ற ஒரே துணிவில் ஏழு மாதம் இருந்தோம். உங்களுக்குக் காய்ச்சல் நூற்று நான்கு ஏறிய அன்று, கொட்டுகிற பனியில் நடந்துபோய் டொக்டரைக் கூட்டிவந்தவர் ஹெர் லுட்கே. அதை நான் ஒருநாளும் மறக்கவில்லை. இன்றைக்கு என்னைச் சுடுவதும் அதுதான்.

வெள்ளிக்கிழமை தோறும் அவர் ஒரு பானையோடு படியேறி வருவார். அவருடைய மனைவி காய்ச்சிய சூப். பருப்பும், அதற்குள் பன்றி இறைச்சியும். அவர் போகும்வரை நீங்கள் சிரித்த முகத்தோடு டாங்கெ, டாங்கெ என்று நன்றி சொல்வீர்கள். கதவு சாத்தியதும் என்னைப் பார்ப்பீர்கள். வெள்ளிக்கிழமை, விரத நாள், பன்றியை நாங்கள் எந்த நாளிலும் தொடுவதில்லை, வெளியே மரக்கறி வாங்கவும் போக ஏலாது. பானையைக் கழிப்பறைக்குக் கொண்டுபோய் ஊற்றி, மூன்று தரம் தண்ணீர் அடித்துவிட்டு, "முருகா, அன்னத்தை எறியிறம், எங்களை மன்னிச்சுக்கொள்ளப்பா" என்று கன்னத்தில் போட்டுக்கொள்வீர்கள். பிறகு பாணும் ஜாமும் சாப்பிடுவோம்.

அதோடு விட்டிருந்தால் காரியமில்லை. ஆனால் அடுத்த வீட்டுப் பாத்திரத்தை வெறுமையாய்த் திருப்பிக் கொடுக்கிற பழக்கம் எங்களுக்கு ஏது? பானையைச் சாம்பல் போட்டு விளக்கினதுபோல மினுக்கி, சபைச் சமையலறையில் கிடந்த பருப்பில் வடை சுட்டு, அதற்குள் வைத்துக் கொடுத்தீர்கள். அந்த மனுசி என்ன நினைக்கும்? பானை பளபளவென்று வருகிறது, உள்ளே பலகாரமும் வருகிறது. என் சூப் அவ்வளவு பிடித்துவிட்டது என்று அடுத்த கிழமை இன்னும் பெரிய பானை வந்தது. முப்பது வெள்ளிக்கிழமை. கலண்டரில் புள்ளி போட்டு வைத்தவள் நான், அதனால் கணக்குப் பிழைக்காது.

இதை நீங்களே எங்கள் ஆக்களுக்கு எத்தனை கலியாண வீட்டில் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பீர்கள். ஃப்ரௌ லுட்கே செத்த பிறகுதான் சிரிப்பு நின்றது. நீங்கள் கண்ணை மூடுவதற்கு முதல்நாள், ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்து, "மச்சாள், அந்தப் பானைக் கதை லுட்கேயின்ரை காதுக்கு மட்டும் போகப்படாது" என்று வாக்கு வாங்கினீர்கள். நானும் தந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நடந்தது இதுதான். ஹெர் லுட்கே மனைவியின் சமையல் கொப்பியைப் பார்த்து, வாழ்க்கையில் முதல்தரம் தானே அந்தச் சூப்பைக் காய்ச்சியிருந்தார். எண்பது கடந்த மனுசன், அதே பானையைத் தூக்கிக்கொண்டு மேடு ஏறி வந்து நஸ்ரினுக்கு முன்னால் வைத்தார். அவள் மூடியைத் திறந்து பார்த்தாள். உள்ளே என்ன இறைச்சி என்று கேட்டாள். பிறகு இரண்டு கையாலும் பானையை அவர் பக்கமே தள்ளி, எங்களுக்கு இது ஏலாது, டாங்கெ என்றாள். முகத்தில் கோபம் ஒன்றும் இல்லை. மகள் மட்டும் கரண்டியைப் பிடித்தபடி இருந்தது.

அவருடைய முகம் செத்துப்போனது, மச்சாள். பாஸ்டர் அம்மா ஏதோ சமாதானம் சொல்லப் பார்த்தார். ஹெர் லுட்கே என்னைக் காட்டி நஸ்ரினிடம் டொச்சு மொழியில் சொன்னார்: "இவையளும் வேறை சமயம்தான். ஒரு சொட்டு மிச்சம் விடேல்லை. என்ரை மனிசி சாகும்வரை அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தவ. நன்றியுள்ள சனம் எண்டால் அப்பிடி."

உங்கள் தம்பி தன் கோப்பைக்குள் குனிந்துகொண்டார். நான் தலையாட்டினேன்.

நஸ்ரினுக்கும் எங்களுக்கு வந்தமாதிரிக் கடிதம் வந்திருக்கிறது. மாரிகாலம் முழுக்க அவளை மேலே வைத்திருப்பதா, இல்லையா என்று புதன்கிழமை சபைக் கூட்டத்தில் வாக்கெடுக்கப் போகிறார்கள். பாதிப்பேர் வேண்டாம் என்கிறார்களாம். மிச்சப்பேர் ஹெர் லுட்கேயின் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். புறப்படும்போது அவர் என் தோளைத் தட்டி, புதன்கிழமை வந்து அந்தப் பானைக் கதையை உன் வாயாலேயே சொல்லு, இங்கே வாறவர்கள் எப்படி இருக்கவேண்டும் என்று சனம் கேட்கட்டும் என்றார். சந்தோசமாய் வாறன் என்றேன். அவருக்கு வேறு பதில் சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

தொங்கவிட்ட குளிர்ச்சட்டையை எடுக்கப் போனபோது படியடியில் நஸ்ரின் நின்றாள். அது எங்களுடைய படிதான், நாலாவது பலகை இன்னும் கிறீச்சிடுகிறது. அரைகுறை டொச்சில் மெல்லக் கேட்டாள்:

"நீங்கள் உண்மையாய்ச் சாப்பிட்டனீங்களோ?"

"ஓம்" என்றேன்.

"அப்ப பிழை என்னிலைதான்" என்றாள். மகளைத் தூக்கிக்கொண்டு மேலே போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்து உங்கள் தம்பியிடம் சொன்னேன். "நீர் சும்மா இரும். வந்த இடத்திலை காப்பாத்தின மனுசன். செத்த மனிசியின்ரை ஞாபகத்தையும் பறிச்சுப்போட்டு என்ன காணப்போறீர்?" என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. கிழவனுக்கு மிச்சமிருப்பது அந்த ஒரு சந்தோசம்தான். வீட்டில் பிள்ளைகள்கூடத் தன் சூப்பை அப்படிச் சாப்பிட்டதில்லை என்று அந்த மனுசி பெருமைப்பட்டதாம். அதை நான் எந்த நாக்கால் இல்லையென்று சொல்வது?

ஆனால் நாங்கள் வாய் திறக்காமல் சிரித்த சிரிப்பு இப்போது அந்தப் பெண்ணின் கழுத்தில் விழுந்திருக்கிறது. அவள் செய்த குற்றம் என்ன? ஏலாது என்பதை முகத்துக்கு நேரே சொன்னாள். அந்தத் துணிவு எங்களுக்கு முப்பது கிழமையிலும் வரவில்லை. நாங்கள் நன்றிகெட்ட சனம் இல்லை, மச்சாள். பயந்த சனம். பயமும் நன்றியும் எங்களுக்குள் கலந்து கிடந்தது. எது எது என்று இப்போது பிரித்தெடுக்கத் தெரியவில்லை.

நேற்றிலிருந்து தேவாரம் பாடினால் நடுவில் சொல் தொலைந்துபோகிறது. முருகன் படத்துக்கு முன்னால் இருந்து கேட்டுப் பார்த்தேன். வாக்குக் கொடுத்தது அவருக்கு இல்லை, உங்களுக்கு. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

ஒன்று சத்தியமாய்ச் சொல்கிறேன். நஸ்ரினிடம் சொன்ன பொய்யை நாளைக்கே அவளுடைய வாசலில் போய்த் திருத்துவேன். அதற்கு உங்களிடம் அனுமதி கேட்கவில்லை. அவளை வெளியே அனுப்புகிறவர்களுக்கு உதவியாய்ப் புதன்கிழமை என் வாயிலிருந்து ஒரு சொல்லும் வராது.

நான் கேட்பது ஹெர் லுட்கேக்குச் சொல்வதைப் பற்றி மட்டும்தான். கூட்டத்துக்கு முதல், அவருடைய வீட்டுக்குத் தனியே போய், பக்கத்தில் இருந்து, மெல்லச் சொல்லிவிடட்டோ? உங்கள் வாக்கிலிருந்து என்னை விடுவிப்பீர்களோ? கூட்டம் புதன்கிழமை பின்னேரம் ஆறு மணிக்கு. இன்றைக்குத் திங்கள். கனவிலாவது வந்து கெதியாய்ப் பதில் சொல்லுங்கோ.

உங்கள் தம்பியின் மனைவி,
மச்சாள் தவமணி